சாமைக்கு எதுக்குங்க இன்னொரு பேரு?

போன வாரம் டவுன்ல ஒரு கடையில் பாக்கெட் ஒன்றைப் பார்த்தேன். 'லிட்டில் மில்லட்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில், சாமை. எங்கள் வளப்பூர் நாட்டில் பாட்டிமார் உரலில் இடித்துச் சோறாக்கிய அதே சாமைதான். விலையைப் பார்த்தேன், வைத்துவிட்டு வந்துவிட்டேன் :-)

விலை கூடப் பரவாயில்லை. அந்தப் பேருதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இந்தத் தானியங்களுக்கு ஆளாளுக்குப் பேர் வைத்தாயிற்று. அரசாங்கக் கோப்பில் ரொம்ப காலம் 'கோர்ஸ் சீரியல்ஸ்', அதாவது முரட்டுத் தானியம். 2018-ல் அதையே 'நியூட்ரி சீரியல்ஸ்' ஆக்கினார்கள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது, அந்த வருட மத்திய பட்ஜெட் உரையில் 'ஸ்ரீ அன்னா' ஆனது. நாம் மட்டும் சளைத்தவர்களா? சாமை, தினை, வரகு எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டு 'சிறுதானியம்' என்று எழுதிவிட்டோம்.

கொல்லிமலையில் சாமை என்பது ஒரு சாமை இல்லை. பெருஞ்சாமை, வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை... தினையிலும் செந்தினை, பெருந்தினை என்று தனித்தனி. எல்லாம் விதைத்தவர்கள் வைத்த பேர். பெருஞ்சாமையைப் போய் 'லிட்டில்' என்கிறார்களே, இதை எங்கே போய்ச் சொல்ல? காமர்ஸ் படிக்கிறவனுக்கு இதில் ஒன்று மட்டும் நன்றாகப் புரிகிறது: பேர் போன சரக்குக்குப் பேரம் பேச முடியாது. எல்லா ரகமும் ஒரே மூட்டை, ஒரே விலை.

அந்தப் பக்கம் ஜவ்வரிசியைப் பாருங்கள். மலாய் மொழியின் 'சாகு'வோடு நம் அரிசி ஒட்டிய பேர் அது. அசல் சாகு ஒரு பனை வகையின் தண்டுச் சோற்றில் எடுப்பது. சேலத்தில் செய்வது மரவள்ளிக்கிழங்கு மாவில். பனையும் இல்லை, அரிசியும் இல்லை! ஆனால் 'சேலம் ஜவ்வரிசி' என்று ஊர்ப்பேரோடு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அந்த ஆலைகளுக்குக் கிழங்கு போடத்தான் மலையில் சாமைக் காடுகள் மரவள்ளிக் காடுகளாயின. கிழங்கைத் திட்டவில்லை, கையில் காசு கொடுத்தது அதுதான். ஊர்ப்பேருக்கு இருக்கிற மரியாதையைச் சொல்கிறேன்.

"புதுப் பேர் வைத்ததால்தானே விற்கிறது" என்பீர்கள். விற்கட்டும். ஆனால் சாமை குறைந்தது பேர் பிடிக்காமல் இல்லை. உமி அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும், இடித்து இடித்துப் பெண்களுக்குக் கை காய்த்துப்போகும். ரேஷன் அரிசி வந்த பிறகு யார் இடிப்பார்கள்? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்களில் உமி நீக்கும் மெஷின் வைத்தபோதுதான் அந்தப் பாடு குறைந்தது. பேரை மாற்றினால் உமி போகுமா?

ஆகவே மகாஜனங்களே, மெஷினைக் கொடுங்கள், பேரை விட்டுவிடுங்கள். பாக்கெட்டில் 'பெருஞ்சாமை, வளப்பூர் நாடு' என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். 'லிட்டில் மில்லட்' வேண்டுமானால் ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.