முகாம் மட்டும் போதாது... வாசலுக்கு வாருங்கள்!

கடையத்தில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேளச் சத்தம் கேட்டதும் மூன்று வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுகிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. உடனே பந்தியில் பேச்சு கிளம்பிவிடும்.

‘‘புள்ளயக் கண்டிச்சு வளக்கணும்லா?’’

‘‘எந்நேரமும் போனைக் கையில குடுத்தா இப்படித்தான்!’’

‘‘அவன் அப்பனும் நாலு வயசுலதான் பேசுனான். எல்லாம் சரியாயிரும்...’’

அடுத்த கல்யாணத்துக்கு அந்த அம்மா வரமாட்டாள். கோயில் கொடைக்கும் வரமாட்டாள். அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருப்பதையே தெரு மறந்துபோகும்.

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. வளர்ப்பு அதற்குக் காரணமே அல்ல. 1943ல் டாக்டர் லியோ கேனர் இதைப் பற்றி எழுதிய பிறகு, ‘பாசமில்லாத தாய்தான் காரணம்’ என்று டாக்டர்களே பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. தடுப்பூசியைக் குற்றம் சொன்ன 1998ஆம் வருடக் கட்டுரையையும், வெளியிட்ட பத்திரிகையே 2010ல் வாபஸ் வாங்கிவிட்டது. நம் ஊர்ப் பந்தியில்தான் இன்னும் வாபஸ் ஆகவில்லை!

சரி, இந்தக் குடும்பங்களுக்கு என்ன செய்கிறோம்? வருடத்துக்கு ஒருமுறை மண்டபத்தில் முகாம் போடுகிறோம். பேனர் கட்டுகிறோம். ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பீடி சுற்றும் ஒரு தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினால், அன்றைய கூலி போச்சு. பஸ் ஹாரனுக்கே மிரளும் பிள்ளையோடு வாராவாரம் எப்படிப் போவாள், சொல்லுங்கள்?

வழி இல்லாமல் இல்லை. தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியிலேயே இருக்கிறது. 1975ல் கடற்படைத் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவருடைய சங்கம் கற்றுத்தரும் பெரிய பாடம் இதுதான்: பிள்ளை மையத்துக்கு வர முடியாவிட்டால், மையம் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் வீட்டுக்கே போய், அம்மா அப்பாவுக்குச் சொல்லித் தருகிறார்கள்.

வீட்டில் அப்படி என்ன செய்துவிட முடியும் என்கிறீர்களா? குளிப்பாட்டும்போது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, அடுத்த செம்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். பிள்ளை உங்களைப் பார்த்தாலோ, செம்பைத் தொட்டாலோ, ‘ஊத்து’ என்று சொல்லி உடனே ஊற்றுங்கள். ‘கேட்டால் கிடைக்கும்’ என்று அவனுக்குப் புரிய ஆரம்பிக்கும். தினமும் நடக்கிற காரியம், காசு செலவில்லை. ஆனால் இதைப் பொறுமையாகச் சொல்லித்தர, தொடர்ந்து ஒரு ஆள் வரவேண்டும். ஒருநாள் முகாமால் அது முடியாது.

ஒரு வயது தாண்டியும் பெயருக்குத் திரும்பவில்லையா? ஒன்றரை வயதிலும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? பேசிய வார்த்தைகள் நின்றுபோயினவா? ‘சரியாயிரும்’ என்று காத்திராமல், குழந்தை மருத்துவரிடமோ மாவட்ட அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. அடையாள அட்டைக்கு அலைய நேரமில்லாத அந்தத் தாய்க்காக, விண்ணப்பத்தை நீங்கள் பூர்த்தி செய்து கொடுக்கலாமே?

பணியாளர் வாரத்தில் ஒருநாள்தான் வர முடியும். மீதி ஆறு நாளும் பக்கத்து வீட்டில் இருப்பது நீங்கள். ‘‘ஏன் பேசல?’’ என்று கேட்காதீர்கள். ‘‘நான் அரைமணி நேரம் பாத்துக்கிடுதேன், நீ ஒரு வாய் நிம்மதியாச் சாப்பிடு தாயி’’ என்று சொல்லிப் பாருங்கள்.

அடுத்த கல்யாணத்தில், மேளத்துக்குத் தள்ளி ஓர் அமைதியான அறையை அந்தப் பிள்ளைக்கு ஒதுக்கிவிட்டுப் பத்திரிகை வையுங்கள். அவள் வருவாள்!