பி.ப. 12 மணி என்பது எப்போது?

ஆங்கிலத்தில் நேரம் சொல்வதில் வேடிக்கைகள் பல உண்டு. பிரித்தானியர் 'ஹாஃப் ஃபைவ்' என்றால் அது ஐந்தரை மணி. அமெரிக்கர் 'குவார்ட்டர் ஒஃப் ஃபைவ்' என்றால் நமது நாலேமுக்கால். இவையெல்லாம் கேட்டுப் பழகினால் தீர்ந்துவிடும்.

தீராதது ஏ.எம்., பி.எம். விவகாரம். நண்பகலுக்கு முன், நண்பகலுக்குப் பின் என்பதே அந்த இலத்தீன் சுருக்கங்களின் பொருள். அப்படியாயின் நண்பகல் எதில் அடங்கும்? இரண்டிலுமே அடங்காது. அமெரிக்க அரசாங்க அச்சகத்தின் நடைக் கையேடு நண்பகலை 12 ஏ.எம். என்றே எழுதச் சொல்லிவந்து, 2008 ஆம் ஆண்டுப் பதிப்பில் 12 பி.எம். என மாற்றிக்கொண்டது.

நாமோ அவற்றை மு.ப., பி.ப. என்று மொழிபெயர்த்தபோது குழப்பத்தையும் சேர்த்தே பெற்றுக்கொண்டோம். செய்தி மேசையில் இருந்த காலத்தில், 'வெள்ளிக்கிழமை பி.ப. 12 மணிக்கு ஊரடங்கு நீங்கும்' என்றொரு குறிப்பு வந்தால் பேனையை வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுப்பேன். (ஆசிரியபீடத்தில் அதற்காக என்னைக் கேலி செய்தவர்களும் உண்டு.) நள்ளிரவை நண்பகலென விளங்கிக்கொண்டு பாண் வாங்க வீதியில் இறங்குபவரின் உயிரல்லவா அங்கே பணயம்!

நண்பகல் என்று எழுத எவ்வளவு மை செலவாகிவிடும்? நள்ளிரவுக்கோ அதுவும் போதாது. எந்த நாளின் நள்ளிரவு என்ற கேள்வி எஞ்சும். 'வெள்ளி இரவு 11.59' என்று எழுதிவிடுங்கள்.