சம்மதித்து வந்தாலும் கடத்தல்தான்

ஆள்கடத்தலுக்கு எதிரான உலக தினமான ஜூலை 30 வந்தால் உறுதிமொழி எடுக்கிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். சுவரொட்டியில் பெரும்பாலும் சங்கிலி பூட்டிய இரண்டு கைகள் இருக்கும். அதையே பார்த்துப் பழகியவருக்கு, தன் ஊருக்கு வெளியே உள்ள செங்கல் சூளையில் நடப்பது ஆள்கடத்தலாக இருக்கலாம் என்ற சந்தேகமே எழாது. அங்கே சங்கிலி கிடையாது. கணக்கு நோட்டு இருக்கும்.

ஒடிசாவின் பலாங்கீர் மாவட்டத்திலிருந்தோ, நம் வட மாவட்டங்களின் இருளர் குடியிருப்பு ஒன்றிலிருந்தோ ஒரு குடும்பம் சூளைக்கு வருகிறது. கல்யாணமோ வைத்தியமோ ஏதோ ஒரு நெருக்கடி. மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார். கணவனும் மனைவியும் விடிவதற்கு முன்பே எழுந்து மண் குழைத்துக் கல் அறுப்பார்கள். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழையில் கரைந்த கல்லுக்குக் காசில்லை. வாராவாரம் கைக்கு வருவது அரிசி பருப்புக்கான செலவுப் பணம் மட்டுமே. மோசமான சூளைகளில் அதுவும் கடனாக நோட்டில் ஏறும். பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். ஊரில் ஒரு சாவு என்றால் கணவன் மட்டும் போய்வரலாம். மனைவியும் பிள்ளைகளும் சூளையிலேயே இருக்க வேண்டும்.

“அவங்களாத்தானே வந்தாங்க, வாங்கின காசுக்கு உழைக்க வேண்டாமா?” என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சட்டம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்லியிருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 370-வது பிரிவு 2013-இல் திருத்தி எழுதப்பட்டது. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-வது பிரிவு. சுரண்டுவதற்காக ஒருவரை மிரட்டியோ, ஏமாற்றியோ, பணம் காட்டி இணங்கவைத்தோ வேலைக்குப் பிடிப்பதும், கூட்டிச் செல்வதும், தங்கவைப்பதும் ஆள்கடத்தல். பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது.

அதற்காக, முன்பணம் வாங்கிய எல்லோரும் கொத்தடிமைகள் ஆகிவிட மாட்டார்கள். நம் ஊரில் முன்பணம் இல்லாமல் நடக்கும் தொழில்கள் குறைவு. அந்தப் பணத்தைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுக்கிறார்களா, வெளியே நடமாட விடுகிறார்களா, குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்கிறதா என்பவற்றைத்தான் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பார்க்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எப்படி வந்தார் என்பதைவிட, நாளைக் காலை கிளம்ப நினைத்தால் அவரால் கிளம்ப முடியுமா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பட்டதாரிகளுக்கும் இதே கேள்வி பொருந்தும். கணினி வேலை என்று பாங்காக்குக்கு அழைத்துப் போய், மே சோட் எல்லை வழியாக மியான்மரின் மியாவாடிக்குள் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு இணைய மோசடி செய்யவைக்கிறார்கள். 2025 மார்ச்சில் அங்கிருந்து மீண்ட 549 பேரை இந்திய விமானப்படை விமானங்கள் இரண்டு நாட்களில் அழைத்துவந்தன. இவர்களும் தாமாக விமானம் ஏறியவர்கள்தான். சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புகிறேன் என்று ஒரு முகவர் சொன்னாலே சந்தேகப்பட வேண்டும்; அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

சூளையில் சந்தேகம் வந்தால் கோட்டாட்சியரிடமோ ஆட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். குழந்தைகள் இருந்தால் 1098 உதவி எண்ணை அழைக்கலாம். மீட்பதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைப்பதில்தான் பல வழக்குகள் சறுக்குகின்றன. விசாரிக்கும் அதிகாரி முதலாளியை அருகில் நிற்கவைத்து “இஷ்டப்பட்டுத்தானே வேலை செய்யறீங்க?” என்று கேட்டால் தொழிலாளர்கள் தலையாட்டத்தான் செய்வார்கள். தனியாக, அவர்கள் மொழியில் விசாரிக்க வேண்டும். கொத்தடிமை என்று உறுதியானால் பஸ் ஏற்றி அனுப்புவதற்கு முன் விடுதலைச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கொத்தடிமைக் கடன் சட்டப்படி ஒழிந்துவிட்டது என்றாலும் அதை மேஸ்திரியிடம் எடுத்துக்காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கிறது. மறுவாழ்வு உதவிக்கு விண்ணப்பிக்கவும் அதைத்தான் கேட்பார்கள். அது இல்லாமல் ஊர் திரும்பிய குடும்பத்தின் வாசலில் பாக்கி கேட்டு மேஸ்திரி மறுபடியும் வந்து நிற்பார்.