சொல்லாத காதலுக்கு 34 தொகுப்புகள்

ஜன்னலோரம், கடைசிக்கு முந்தைய வரிசையில் உட்காரும் சுமாரான பையன். காலையில் தெருமுனையில் அவன்மேல் மோதிவிட்டுச் சண்டை போட்ட பெண்ணே அவன் வகுப்புக்குப் புது மாணவியாக வந்து சேர்கிறாள். பக்கத்து வீட்டில் சிறுவயதுத் தோழி ஒருத்தி. மழை வரும், குடை ஒன்றுதான் இருக்கும். கோடைத் திருவிழாவில் யுகாடா உடுத்தி நிற்பவளிடம் அவன் ஒருவழியாக வாயைத் திறக்கும்போது வானத்தில் வாணம் வெடிக்கும். "என்ன சொன்னே?" "ஒண்ணுமில்ல." ஜப்பானியக் காதல் நகைச்சுவை மாங்காக்களில் நாலைந்தைப் படித்தவர்கள், ஆறாவதில் அடுத்து என்ன வரும் என்பதைப் பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிவிடுவார்கள்.

இந்தத் தேய்வழக்குகளைக் காட்டி மொத்த வகையையும் ஒதுக்குவோர் உண்டு. அது அவசரத் தீர்ப்பு. துப்பறியும் கதையில் கொலை விழுவதை யாரும் குறை சொல்வதில்லை. குடையும் வாணவேடிக்கையும் அப்படித்தான். பார்க்கவேண்டியது வேறொன்று: பிடித்திருக்கிறது என்று இருவருக்கும் தெரிந்த பிறகும் சொல்லாமல் இருக்கிறார்களே, அதற்குக் கதை காட்டும் காரணம் நம்பும்படி இருக்கிறதா?

ஜப்பானில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. அங்கே பள்ளிக் காதல் என்பது ஒருவர் நேருக்கு நேர் நின்று மனதைச் சொல்லி, பழகலாமா என்று கேட்டு, மற்றவர் சம்மதித்த பிறகே தொடங்குவதாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. அதுவரை சேர்ந்து சினிமாவுக்குப் போயிருந்தாலும் கணக்கில் வராது. ஆக, ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடக்கூடிய கதை. அந்தக் கதையை வாரம் இருபது பக்கம் வீதம் ஆண்டுக்கணக்கில் ஓட்ட வேண்டும். ஷோனென் ஜம்ப் போன்ற வார இதழ்கள் வாசகர் கருத்துக் கணிப்பை வைத்துத் தொடர்களின் தலைவிதியைத் தீர்மானிப்பவை. பின்தங்கும் தொடர் சில மாதங்களில் காணாமல் போகும். முன்னணியில் இருப்பதை முடிக்க யாருக்கும் மனம் வராது. அதனால்தான் அந்த ஒற்றை வாக்கியம் நாயகனின் தொண்டைக்குழியிலேயே நின்றுவிடுகிறது.

இதில் முன்னோடி ருமிகோ தகாஹாஷி. 1978-ல் தொடங்கிய அவருடைய 'உருசேய் யாட்சுரா'வில் லம் என்ற வேற்றுகிரகப் பெண், பார்க்கும் பெண்ணையெல்லாம் துரத்தும் அதாரு என்ற பையனிடம் ஓடிப்பிடித்து விளையாடித் தோற்கிறாள். அவன் தன் தோழிக்காகக் கத்தியதைத் தனக்கான திருமணப் பேச்சாக எடுத்துக்கொண்டு அவன் வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். 1987-ல் 34 தொகுப்புகளோடு கதை முடிகிறது. கடைசியிலும் அதே ஓடிப்பிடித்தல்தான். காதலிப்பதாக ஒரு வார்த்தை சொல் என்கிறாள் லம். சாகும் நேரத்தில் சொல்கிறேன் என்கிறான் அதாரு. தள்ளிப்போடுவதையே நகைச்சுவையின் உச்சமாக்கிய துணிச்சல் அது. பின்னால் வந்த பலரும் அந்தத் துணிச்சலை விட்டுவிட்டுத் தள்ளிப்போடுவதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நடுவில் இருக்கும் பக்கங்களை நிரப்பப் பள்ளி நாள்காட்டி கைகொடுக்கிறது. ஏப்ரலில் செர்ரிப் பூவும் புது வகுப்பும், கோடையில் கடற்கரை, இலையுதிர்காலத்தில் வகுப்பறையைக் காபிக் கடையாகவோ பேய்வீடாகவோ மாற்றும் கலைவிழா, கிறிஸ்துமஸ் மாலை, புத்தாண்டில் கோயில். பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள். தந்தது காதலுக்கா, மரியாதைக்கா என்று ஓர் அத்தியாயம் முழுக்கக் குழம்பலாம். பதில் பரிசுக்கு மார்ச் 14. அது 1970களின் இறுதியில் இனிப்பு வியாபாரிகள் கிளப்பிவிட்ட வழக்கம். வாரா வாரம் பக்கம் நிரப்ப வேண்டிய ஓவியருக்கு ஆண்டு முழுவதற்குமான கதைக்களம் கையிலேயே இருக்கிறது.

அதே தகாஹாஷி, பெரியவர்களுக்கான 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' இதழில் 1980 முதல் 1987 வரை எழுதிய 'மேசோன் இக்கோகு', தாமதத்துக்கு உண்மையான காரணம் வைத்தால் இந்த வகை எவ்வளவு உயரம் போகும் என்பதற்குச் சான்று. இடிந்து விழாத குறையாக நிற்கும் ஒரு வாடகைக் கட்டடம். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற யூசாகு கோதாய் அங்கே குடியிருக்கிறான். பொறுப்பாளராக வரும் க்யோகோ, திருமணமான சில மாதங்களிலேயே கணவன் சோயிசிரோவை இழந்த இளம்பெண். தன் நாய்க்கும் அவள் சோயிசிரோ என்றே பெயர் வைத்திருக்கிறாள். வழக்கமான சரக்கெல்லாம் இதிலும் உண்டு: குடித்துவிட்டு ஊர் கேட்கக் காதலைக் கத்தும் நாயகன், எட்டிப்பார்க்கும் அண்டை வீட்டார், நாயைக் கண்டால் நடுங்கும் பணக்காரப் போட்டியாளன். செல்போன் இல்லாத காலம் என்பதால் தொலைபேசியில் தப்பாய்க் கேட்டு, ஒலியில் ஒத்த பெயர் கொண்ட இரு கடைகளில் ஆளுக்கொன்றில் காத்துக் கிடப்பதும் உண்டு.

ஆனால் இவற்றின் அடியில் ஒரு துக்கம் கிடக்கிறது. இறந்தவனின் முகத்தைத் தகாஹாஷி ஒரு கட்டத்தில்கூட வரைந்து காட்டுவதில்லை. கோதாய் போட்டி போடுவது முகமே இல்லாத ஒருவனோடு. இன்னொருவனை நேசித்தால் முதல் காதல் பொய்யாகிவிடுமோ என்பது க்யோகோவின் பயம். இறுதியில் கோதாய் கல்லறைக்குப் போய், க்யோகோவின் மனதில் இருக்கும் உன்னையும் சேர்த்தே ஏற்கிறேன் என்ற பொருளில் இறந்தவனிடம் பேசுகிறான். வாசகர்களோடு சேர்ந்து கதைமாந்தர்களுக்கும் ஏழு வயது கூடியிருக்கிறது. அவன் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போகிறான். அவர்களுக்குப் பெண் குழந்தை பிறக்கிறது. 15 தொகுப்புகளில் ஒன்றைக்கூட இழுவை என்று சொல்ல முடியாது.

இதன் பக்கத்தில் நவோஷி கோமியின் 'நிசெகோய்' தொடரை வைத்துப் பார்க்கலாம். 2011 முதல் 2016 வரை ஷோனென் ஜம்ப்பில் 229 அத்தியாயங்கள். சிறுவயதில் ஒரு பெண்ணோடு செய்த சத்தியம், நாயகன் கழுத்தில் ஒரு பூட்டு, சாவி அவளிடம். சாவியோடு வருபவள் ஒருத்தியல்ல என்பதுதான் சிக்கல். படங்கள் அழகு, நகைச்சுவையும் சோடையில்லை. ஆனால் பழைய சத்தியம் யாரோடு என்பதற்கும் இன்று யாரைப் பிடிக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு? நாயகன் இதை ஒரு மாலை உட்கார்ந்து யோசித்திருந்தால் தொடர் பாதியாகக் குறைந்திருக்கும். இதற்கிடையே இதழ் நடத்திய கதாநாயகித் தேர்தலில், ஒரே வாசகர் ஒரே பெண்ணுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளை அனுப்பிவைத்தார். கதையில் அவள் ஜெயிக்கவில்லை.

தோற்கும் நாயகிக்கும் ரசிகர் படை உண்டு, அந்தப் படையும் புத்தகம் வாங்குகிறது என்பதால் வந்த வினை இன்னொன்று. டாய்ஷி சுட்சுயின் 'வீ நெவர் லேர்ன்' (2017–2020) ஐந்து நாயகிகளுக்கும் ஆளுக்கொரு முடிவை எழுதிக் கொடுத்தது. யாரும் அழவேண்டாம் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் தேர்ந்தெடுக்க மறுக்கும் காதல் கதை எதைப் பற்றியது? ஒருத்தியிடம் ஆம் என்பது மற்றவர்களிடம் இல்லை என்பதும்தான். அந்த வலியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விற்பனை உத்தி மட்டுமே.

நெகி ஹாருபா, அதே ஆண்டுகளில் அதே எண்ணிக்கையை வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் போனார். அவருடைய 'கோதோபுன் நோ ஹானயோமே'யின் ஐந்து நாயகிகளும் ஒரே பிரசவத்தில் பிறந்து, ஒரே முகம் கொண்டவர்கள். முடியையும் நிறத்தையும் மாற்றிவிட்டால் எல்லா நாயகியும் ஒன்றுதான் என்று இந்த வகையைக் கேலி செய்வார்களே, அந்தக் கேலியையே அவர் கருவாக்கினார். முதல் அத்தியாயத்திலேயே திருமணம் நடக்கிறது, மணமகள் யாரென்று மட்டும் தெரியாது. அன்பிருந்தால் ஐவரையும் அடையாளம் காணலாம் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் கவனிக்காத நாயகன், அந்தப் பார்வையைப் பெற எடுக்கும் காலம்தான் 14 தொகுப்புகள். கடைசியில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறான். மற்ற நால்வரும் அதோடு வாழப் பழகுகிறார்கள்.

தாமதத்தையே வெளிப்படையான விளையாட்டாக்கியது அகா அகாசாகாவின் 'காகுயா-சாமா' (2015–2022). பள்ளி மாணவர் மன்றத்தின் தலைவனும் துணைத் தலைவியும் மகா புத்திசாலிகள். முதலில் காதலைச் சொல்பவர் தோற்றவர் என்பது இருவரின் எண்ணம். இரண்டு சினிமா டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவது யார் என்று ராணுவத் தளபதிகளைப் போல வியூகம் வகுக்கிறார்கள். அகந்தைபோலத் தெரிவது போகப்போகப் பயமாக விரிகிறது. பெருந்தொழில் குடும்பத்து வாரிசுக்குத் தான் ஈடில்லை என்ற தாழ்வுணர்ச்சி அவனை அரிக்கிறது. அகாசாகா 28 தொகுப்புகளில் பாதிவழியிலேயே, கலைவிழா இரவில் இருவரையும் சேர்த்துவைத்துவிட்டார். அதன் பிறகும் கதைக்கு வேலை இருந்தது.

மன்னிக்க முடியாத தேய்வழக்குகளும் உண்டு. கென் அகாமட்சுவின் 'லவ் ஹினா' (1998–2001) போன்றவற்றில் நாயகன் தடுக்கி விழுவது எப்போதும் ஒரு பெண்ணின் மேல்தான்; கதவைத் திறந்தால் குளியலறை; உடனே விழும் குத்தில் அவன் வானத்தில் பறப்பான். பெண்ணின் கூச்சமும் ஆண் வாங்கும் அடியும் ஒரே நகைச்சுவைக்கு இரை. அன்றே சலிப்பூட்டிய இது இன்று படிக்கவே கூசுகிறது.

சமீபத்திய தொடர்களில் தடை வெளியிலிருந்து உள்ளே நகர்ந்திருக்கிறது. கையில் செல்போன் இருக்கும்போது கடை மாறிக் காத்திருந்த கதை எடுபடாது. டொமோஹிதோ ஓடாவின் நாயகி கோமிக்கு மனிதர்களிடம் பேசவே வாய் வராது. ஷின்இச்சி ஃபுகுடாவின் 'மை டிரெஸ்-அப் டார்லிங்' நாயகன், பெண்பிள்ளைகளுக்கான பாரம்பரியப் பொம்மைகளை விரும்புவதற்காகச் சிறுவயதில் வெறுக்கப்பட்டவன். கெஞ்சிரோ ஹாதாவின் 'டோனிகாகு கவாயி'யோ ஆரம்பத்திலேயே திருமணத்தை முடித்துவிட்டுக் காதலைப் பிறகு வளர்க்கிறது.

முடிவு தெரிந்துவிட்டால் வாசகர் போய்விடுவார் என்று பயப்படும் இதழாசிரியர்கள் சோயிசிரோ யமமோதோவின் 'தகாகி-சான்' தொடரைக் கவனிக்கலாம். வகுப்புத் தோழனை ஓயாமல் சீண்டும் பெண்ணின் கதை, 2013-லிருந்து 2023 வரை ஓடியது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த இருவரும் திருமணமாகி மகளோடு வாழ்வதைக் காட்டும் கிளைத்தொடர் ஒன்று வெளிவரத் தொடங்கிவிட்டது. யார் யாரை மணப்பார் என்பதில் ரகசியம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் மூலத் தொடர் 20 தொகுப்புகள் வரை போனது. அடுத்த அத்தியாயத்தில் அவள் எப்படிச் சீண்டப்போகிறாள் என்பதே வாசகர்களை இழுத்துவந்தது.