கேட்வேக்கு எதிரே ஒரு படகு கிளப்

ஊரிலிருந்து யார் வந்தாலும் மும்பைத் தமிழன் செய்யும் முதல் காரியம், அவர்களை கேட்வே ஆஃப் இந்தியாவுக்குக் கூட்டிப்போவது. மாட்டுங்காவில் இட்லி, லோக்கல் பிடித்து வி.டி., அங்கிருந்து டாக்சி, தாஜ் ஹோட்டல் முன்னால் போட்டோ, எலிபெண்டா லாஞ்ச். பதினெட்டு வருஷமாக இதே ரூட்தான்.

போன டிசம்பரில் மச்சினர் குடும்பத்தோடு போனபோது, தூரத்தில் வரிசையாகப் போன வெள்ளைப் பாய்களைக் காட்டி என் பெண் கேட்டாள்: "அப்பா, அதுல எப்படிப்பா ஏர்றது?" லாஞ்சுக்கு டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. பாய்மரப் படகுக்கு? திருதிருவென்று முழித்தேன். "அதெல்லாம் பெரிய ஆளுங்க சமாச்சாரம்டா செல்லம்" என்று தங்கமணிதான் காப்பாற்றினாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அது எப்போதிலிருந்து பெரிய ஆளுங்க சமாச்சாரம் ஆச்சு?

கேட்வேக்கு எதிரே நிற்கும் ராயல் பாம்பே யாட் கிளப்பிலிருந்து ஆரம்பிக்கலாம். 1846-ல் தொடங்கியது. 1876-ல் 'ராயல்' பட்டம். 1880-களில் அப்போலோ பந்தரில் கடலைப் பார்த்து ஒரு மாளிகை. உறுப்பினர்கள் தங்குவதற்கு 1896-ல் பக்கத்திலேயே இன்னொரு கட்டடம். இன்றைக்குக் கிளப் இருப்பது இதில்தான். கேட்வே கட்டி முடித்ததே 1924-ல். ஆக, வளைவைவிடக் கிளப்புக்கு வயசு அதிகம்.

(சும்மா ஒரு இடைச்செருகல்: அதே 1876-ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரட்டை உடல் படகு ஒன்றைக் கட்டிப் போட்டியில் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளினார். இது படகே இல்லை என்கிற மாதிரி, பிறகு அதைத் தகுதி நீக்கம் செய்தார்கள். அந்த வகைக்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'கேட்டமரான்'. நம்ம கட்டுமரம்! பெயரை நாம் கொடுத்தோம், உறுப்பினர் அட்டை மட்டும் கிடைக்கவில்லை :-) )

ஆமாம், கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்தில் அந்தக் கிளப்பில் இந்தியர்கள் உறுப்பினராக முடியாது. விருந்தாளியாக அழைத்துப்போன மகாராஜாவை உள்ளே விடவில்லை என்று கவர்னர் வில்லிங்டன் கோபப்பட்ட கதையை மும்பைக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கதை எவ்வளவு நிஜமோ, இந்தியர்களையும் சேர்த்துக்கொண்டு 1918-ல் வில்லிங்டன் ஸ்போர்ட்ஸ் கிளப் வந்தது நிஜம். ஆனால் அது கோல்ஃபும் டென்னிஸும். கடல் கடலாகவே இருந்தது, கேட்டுக்கு அந்தப் பக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு பழைய மாளிகை கை மாறியது. 1949-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அங்கே குடிவந்து, 1962-ல் கொலாபா கோடிக்குப் போகும்வரை இருந்தது. 1953-ல் சென்னை லயோலாவில் படித்த இரண்டு பையன்கள் ஆராய்ச்சி மாணவர்களாக வந்து சேர்ந்தார்கள்: எம்.எஸ். நரசிம்மன், சி.எஸ். சேஷாத்ரி. இருவர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தத் தேற்றத்தைக் கணித உலகம் இன்றும் சொல்கிறது. நம்மவர்களுக்குத் திறக்காத கதவு வழியாக நம்ம ஊர்ப் பையன்கள் கணக்குப் போடப் போனார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. சென்னைக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. அங்கே 1911-ல் யாட் கிளப் தொடங்கிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அடுத்த வருஷம் ராமானுஜன் குமாஸ்தாவாகச் சேர்ந்த போர்ட் டிரஸ்டின் சேர்மன்.

பாருங்கள், கட்டடத்துக்குள் போய்விட்டோம். கணிதத்திலும் போய்விட்டோம். படகில்?

இங்கிலாந்தில் இதே பொழுதுபோக்கு வேறு ரூட்டிலும் போனது. 1880-ல் ஆர்தர் அண்டர்ஹில் என்ற வக்கீல் குரூஸிங் கிளப் ஆரம்பித்தார். 1908-ல் குரூஸிங் அசோசியேஷன் வந்தது. ரேஸ் கோப்பையைவிட, சின்னப் படகில் ஊர் ஊராகப் போவதுதான் இவர்களுக்கு முக்கியம். போன இடத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழம், எங்கே நங்கூரம் போடலாம், எந்தக் காற்றில் ஆபத்து என்று எழுதி வைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். அண்டர்ஹில்லின் கிளப்பும் எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கிளப் இல்லைதான். ஆனால் அதிலிருந்து 1976-ல் பிறந்த அறக்கட்டளை போடும் வழிகாட்டிப் புத்தகங்களைக் காசு கொடுத்து யாரும் வாங்கலாம். கிளப்பில் சேராதவனுக்கும் ஏதோ மிஞ்சுகிறது. ஒரு படகு கிளப்பின் சரித்திரத்தை இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை பேரைப் படகில் ஏற்றினாய்? கவர்னர் வந்து டீ குடித்த கதை எனக்கெதற்கு?

நம் நாட்டில் அந்த வேலையைப் பெரும்பாலும் யூனிஃபார்ம் போட்டவர்கள் செய்தார்கள். 1985-87-ல் உலகைச் சுற்றிய 'த்ரிஷ்ணா' ராணுவப் படகு. 2009-10-ல் தனியாகச் சுற்றிய திலீப் தோண்டே, 2013-ல் எங்கும் நிற்காமல் சுற்றி வந்து இதே கேட்வேயில் கரையேறிய அபிலாஷ் டோமி, இரண்டு பேரும் கடற்படை. 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி'யில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பிய இரண்டு பெண் அதிகாரிகளில் ரூபா நம்ம புதுச்சேரிக்காரர். பெருமைதான். ஆனால் என் பெண் படகு ஓட்டக் கடற்படையில்தான் சேர வேண்டுமா?

வேண்டாம் என்று ஹைதராபாத் காட்டியிருக்கிறது. கடலே இல்லாத ஊர்! ஹுசேன் சாகர் ஏரியில், 2009-ல் தொடங்கிய யாட் கிளப் ஆஃப் ஹைதராபாத் ஏழைக் குழந்தைகளுக்குப் பாய்மரம் சொல்லிக்கொடுத்து, அவர்கள் தேசியப் போட்டிகளில் மெடல் வாங்கிவிட்டார்கள். படகு விலை ஜாஸ்தி, அதனால் கிளப் பணக்காரர்களுக்குத்தான் என்கிற வாதம் அங்கே அடிபட்டுப் போகிறது. பத்துக் குழந்தைகளுக்கு ஒரு படகு போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

கிளப்களை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அபாகஸ், பரதநாட்டியம், ஐஐடி கோச்சிங் எல்லாவற்றுக்கும் விசாரிப்போம். கடற்கரை ஊரில் இருபது வருஷம் இருந்துவிட்டு 'ஸீ வியூ' ஃபிளாட்டுக்கு ஏங்குவோம். குழந்தை தண்ணீர் பக்கம் போனால் மட்டும் கத்துவோம்.

ஒரு வழியாக விசாரித்துவிட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், பாய்மரப் படகுகள் கரையில்தான். அக்டோபருக்குப் பிறகு குழந்தைகளுக்கு வகுப்பு நடக்கும் ஓர் இடம் கண்ணில் பட்டிருக்கிறது. ஃபீஸ் கொஞ்சம் கடிக்கிறது. தங்கமணி ஒரே கண்டிஷன் போட்டாள்: "முதல்ல நீச்சல். லைஃப் ஜாக்கெட் போட்டாலும் சரி, நீச்சல்."

செம்பூரில் நீச்சல் வகுப்பு, காலை ஆறு மணி பேட்ச். எழுப்பி விடும் டூட்டி எனக்கு.