மனு கொடுத்த பெண்ணின் பெட்டிக்கடையை அள்ளிச் சென்றதற்குக் கண்டன அறிக்கை

பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், வெள்ளறடை பகுதிகளில் வாழும் தமிழ் பேசும் தெருவோர வியாபாரிகளின் சங்கம் விடுக்கும் அறிக்கை இது. எங்கள் உறுப்பினர் ஒருவரிடம் திருவனந்தபுரம் மாவட்டத்திலுள்ள ஒரு நகர உள்ளாட்சி அலுவலகம் நடந்துகொண்ட விதத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். அந்த அலுவலகத்தின் பெயரையோ அந்த அம்மாவின் பெயரையோ இங்கே எழுதவில்லை. புகார் மனுவில் இரண்டும் இருக்கின்றன. நாளைக்கும் அதே தெருவில், அதே அலுவலர்களின் கண்முன்னால் உட்கார்ந்து பிழைக்க வேண்டியவர் அவர். அவர் கேட்டுக்கொண்டபடியே பெயரை விட்டிருக்கிறோம்.

அவர் எல்லையோரக் கிராமத்துக்காரர். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நகரத்துக்குப் போய்க் கடை திறப்பவர். நான்கு அடிக்கு மூன்று அடி மரப்பெட்டி, மேலே நீலத் தார்ப்பாய், பக்கத்தில் ஒரு பெஞ்சு. கட்டஞ்சாயா, ரசவடை, பழம்பொரி, குலையிலிருந்து அறுத்துக் கொடுக்கும் மட்டிப்பழம், வெற்றிலை பாக்கு. பதினான்கு வருடம் அந்தக் கடையை நடத்தியவர் அவருடைய கணவர். நகரத்தில் கணக்கெடுப்பு நடந்தபோது அவர் பெயரும் பதிவாகி, விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் கிடைத்தன. சென்ற வருடம் மஞ்சள்காமாலையில் அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அந்த அம்மா போய்க் கடையைத் திறந்தார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர்.

மாதக்கணக்கில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கணவரின் அட்டையைக் காட்டிக்கொண்டு அவர் இன்னும் சில வருடங்கள் ஓட்டியிருக்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் வாங்கிப் புது அடுப்பு வைக்க வேண்டும் என்று வங்கிக்குப் போனார். சான்றிதழ் உங்கள் பெயரில் இருந்தால்தான் கடன் தர முடியும் என்று அங்கே சொன்னார்கள். 2020 ஜூனில், கொரோனா ஊரடங்கில் தெருவே வெறிச்சோடிக் கிடந்தபோது மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் இது. முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது; 2025-இல் அதை 15,000 ஆக்கினார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வட்டிக்காரனிடமிருந்து தப்பிக்க உள்ள ஒரே வழி. அதற்காகத்தான் அந்த அம்மா முறைப்படி மனு எழுதினார். இறப்புச் சான்றிதழ், கணவரின் அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் பின் போட்டு இணைத்து, ஒன்றரைப் பக்கம் தன் கைப்படத் தமிழில் எழுதிக் கொண்டுபோனார்.

கவுண்டரில் அதை வாங்கவில்லை. மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு நாள் வியாபாரத்தை விட்டு, காசு கொடுத்து மலையாளத்தில் டைப் செய்து கொண்டுபோனார். திருமணப் பதிவும் பள்ளிச் சான்றிதழும் விளவங்கோடு தாலுகாவில் கொடுத்தவை, அவையும் தமிழில் இருக்கின்றன என்று அடுத்த தடை. “தமிழ்நாட்டுக்காரிக்கு இங்கே எதற்குக் கடை?” என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அம்மா பிறந்த வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் தூரம். நடுவில் எல்லை ஓடுகிறது, அவ்வளவுதான். மூன்றாவது முறை போனபோது, இடத்தை நேரில் பார்க்க வருவோம் என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி, மறுநாள் கடையைக் கழுவித் துடைத்து, தார்ப்பாயின் கிழிசலைத் தைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்தவர்கள் அளவெடுக்க நாடா கொண்டுவரவில்லை. லாரி கொண்டுவந்தார்கள்.

பெட்டியோடு அள்ளிக்கொண்டு போனார்கள். எடுத்துச் சென்ற பொருள்களுக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. அதனால் அன்று சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாங்களே எழுதினோம்: இரட்டை பர்னர் அடுப்பு ஒன்று, சிலிண்டர் ஒன்று, கெட்டில், இரும்புச் சட்டி, கண்ணாடி டம்ளர் பதினான்கு, தராசு, வெற்றிலைத் தகரம், மட்டிக்குலை இரண்டு (ஒன்றில் ஒரு சீப்பு அறுத்திருந்தது), பழைய ஹார்லிக்ஸ் குப்பி ஒன்று. அந்தக் குப்பிதான் கல்லா. அதில் எவ்வளவு சில்லறை இருந்தது என்று கேட்டோம். காலையிலிருந்து எண்ணவே இல்லை என்று சொல்லி அழுதார். பொருள்களைத் திருப்பித் தரும்படி அன்றே ஒரு மனு எழுதிக் கொடுத்தனுப்பினோம். அதுவும் தமிழில் இருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்றாம் நாள் கிடங்கின் வாசலில் நின்று பார்த்தபோது குலை இரண்டும் கறுத்து ஈ மொய்த்துக் கிடந்தன.

இதில் ஒவ்வொரு அடியும் சட்டத்துக்கு விரோதமானது. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கும்படி அந்த அலுவலகத்தைக் கேட்கிறோம். சான்றிதழ் பெற்ற வியாபாரி இறந்துபோனால், சான்றிதழின் காலம் முடியும்வரை அவர் இடத்தில் விற்கும் உரிமை முதலில் மனைவிக்கு அல்லது கணவருக்கு, அடுத்து அவரை அண்டியிருந்த பிள்ளைக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதாவது, அந்த அம்மா கேட்கப் போனது ஏற்கெனவே அவருடையதாக இருந்த ஒன்றை. விற்பவர் கொடுக்க வேண்டிய உறுதிமொழிகளும் அதே பிரிவில்தான் வருகின்றன: தானோ தன் குடும்பத்தாரோ வியாபாரம் செய்வது, வேறு பிழைப்பு இல்லாதிருப்பது, சான்றிதழை வாடகைக்கோ வேறு வழியிலோ பிறருக்கு மாற்றிவிடாதிருப்பது. எந்த ஊரில் பிறந்தாய், எந்த மொழியில் படித்தாய் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை.

சான்றிதழில் குறித்த இடத்திலிருந்து ஒருவரை அகற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது 18-ஆம் பிரிவு. ஒரு நாள் நோட்டீஸ்கூட வரவில்லை. பொருள்களைக் கைப்பற்றினால் கையெழுத்திட்ட பட்டியலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும், அவர் வந்து கேட்டால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 19-ஆம் பிரிவு. ஈ மொய்த்த மட்டிக்குலைகள் அந்தப் பிரிவு மீறப்பட்டதற்குச் சாட்சி. தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19-ஆம் உறுப்பு தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்று, நியாயமான கட்டுப்பாடுகளோடு, உச்ச நீதிமன்றம் 1989-இல் சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பிலிருந்து 2014 சட்டம் வர இருபத்தைந்து வருடம் ஆனது. அகமதாபாத் மாணிக் சௌக்கின் காய்கறிக்காரப் பெண்கள் முதல் எத்தனையோ பேர் நீதிமன்றப் படியேறித்தான் அது வந்தது. அப்படிப் பிறந்த சட்டம் ஒரு கவுண்டரின் அலட்சியத்தில் செத்துப்போக விடமாட்டோம்.

மொழி விஷயத்துக்கு வருகிறோம். எங்களுக்கு மிகவும் வலித்த இடம் இதுதான். குறையைத் தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரியிடமும் கொடுக்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு. பாத்திரங்களைத் திருப்பிக் கேட்ட மனு குறைதீர்ப்பு மனு இல்லாமல் வேறென்ன? கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழையும் கன்னடத்தையும் பெயர் சொல்லியே காக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் நாங்கள் எங்கள் மொழியில் எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். தலைமைச் செயலகமே வாங்க வேண்டிய மொழியை, அதிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் கவுண்டர் தூக்கி எறிகிறது.

நாங்கள் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவர்கள் இல்லை. பலராம வர்மா மகாராஜா காலத்தில் நெசவாளர்களைத் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய பலராமபுரம் இந்த நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் இருக்கிறது. அவர்கள் வழிவந்தவர்கள் நெய்யும் வேட்டியையும் முண்டையும்தான் இன்றும் ஓணத்துக்கு உடுத்துகிறார்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் மார்ஷல் நேசமணியின் தலைமையில் போராடியபோது, சென்னை மாநிலத்தோடு இணைக்கக் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு அந்தப் பக்கம் போனது, நெய்யாற்றின்கரை இந்தப் பக்கம் நின்றது. களியக்காவிளையில் பெண் எடுத்து இஞ்சிவிளையில் குடித்தனம் நடத்துவது அன்றைக்கும் வழக்கம், இன்றைக்கும் வழக்கம். எல்லையை மாற்றச் சொல்லி யாரையும் நாங்கள் கேட்கவில்லை. கேரளத்தின் குடிமக்களாக, கேரளச் சட்டம் எங்களுக்குக் கொடுத்ததைக் கேட்கிறோம்.

மலையாளிச் சகோதர சகோதரிகள் மீது எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. லாரி வந்த அன்று குறுக்கே போய் நின்றவர்கள் அங்குள்ள ஸ்டாண்டின் ஆட்டோ ஓட்டுநர்கள். பக்கத்துத் தட்டுக்கடைச் சேச்சி, விழுந்து கிடந்த டம்ளர் இரண்டை எடுத்துக் கழுவி வைத்திருந்து கொடுத்தார். அந்தச் சேச்சியிடம் எந்தச் சான்றிதழும் கிடையாது. அவர் எங்கேயும் மனு கொடுத்ததில்லை. அவர் கடை அங்கேயே இருக்கிறது. அது அங்கேயே இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக்கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்வது அவரையும் காக்கத்தான்.

ஆனால் அந்தத் தெருவில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள்? மனு கொடுக்காதவர் கடை நிற்கிறது, மனு கொடுத்தவர் கடை லாரியில் போகிறது. மனுவில் எழுதிய விலாசமே லாரிக்கு வழி காட்டியது என்று பேசிக்கொள்கிறார்கள். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் உறுப்பினர்கள் மூன்று பேர், நிரப்பி வைத்திருந்த படிவங்களைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஒருவர் அக்கானியும் நொங்கும் விற்பவர், இரண்டு பேர் மரச்சீனிக் கிழங்கு விற்பவர்கள். அவர்களை உட்கார வைத்துப் படிவம் நிரப்பச் சொல்ல நாங்கள் இரண்டு வருடம் பாடுபட்டோம். சட்டத்துக்குள் வாருங்கள், ஒளிந்து பிழைக்க வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். இப்போது எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? பாத்திரம் போனது பெரிய இழப்புதான், ஆனால் அதை ஈடுகட்டிவிடலாம். மனு கொடுத்தால் ஆபத்து என்று ஏழைகளுக்குக் கற்றுக்கொடுத்ததைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

கிராமத்திலேயே கடை போடுகிறவர்களின் நிலைமை இன்னும் மோசம். 2014 சட்டம் நகர்ப்புற வியாபாரிகளுக்கானது என்று அதன் முகப்பே சொல்கிறது. பாறசாலை கிராமப் பஞ்சாயத்து. காரோடும் செங்கலும் குளத்தூரும் அப்படித்தான். நெய்யாற்றின்கரை நகரசபை எல்லைக்குள் நிற்கும் உந்துவண்டிக்கு உள்ள காப்பு, உதியன்குளங்கரையில் நிற்கும் வண்டிக்கு இல்லை. கரமனை - களியக்காவிளைச் சாலையைக் கட்டம் கட்டமாக அகலப்படுத்துகிறார்கள். சாலை நல்லதுதான், எங்களுக்கும் வேண்டும். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் ஆவணம் வைத்திருப்பவர் நஷ்டஈடு கேட்கலாம். முப்பது வருடமாக அதே வேப்பமரத்தடியில் பெட்டி வைத்திருப்பவர் எதைக் காட்டிக் கேட்பார்? கிராமப் பஞ்சாயத்துகளின் தெருவோர வியாபாரிகளுக்கும் இதே காப்பைக் கொடுக்கக் கேரள அரசு தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும்.

எங்கள் கோரிக்கைகளில் அவசரமானது, அந்த அம்மாவின் பெட்டியையும் பாத்திரங்களையும் உடனே அதே இடத்தில் கொண்டுவந்து வைப்பது. அழுகிப்போன பழத்துக்கும் கடை மூடிக் கிடந்த நாள்களுக்கும் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அவருடைய முதல் மனுவை, தமிழில் எழுதிய அந்த ஒன்றரைப் பக்கத்தை, கொடுத்த தேதியிலேயே பதிவு செய்து ரசீது தர வேண்டும். வரிசையில் வைத்து அவரை அவமானப்படுத்தியவர் அவரிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதற்குமேல் அந்த நபரின் வேலைக்கு உலை வைக்க நாங்கள் நினைக்கவில்லை. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையாமல், தேர்தல் மூலம் வர வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 22-ஆம் பிரிவு. அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, இந்தக் கடையை எடுக்க அது தீர்மானம் போட்டதா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சான்றிதழ் எத்தனை நாளில் கிடைக்கும் என்பதைச் சொல்லும் சாசனத்தை வெளியிட வேண்டும் என்று 26-ஆம் பிரிவு உள்ளாட்சியைக் கட்டாயப்படுத்துகிறது. அதைத் தமிழிலும் அச்சடித்து அலுவலக வாசலில் ஒட்ட வேண்டும்.

20-ஆம் பிரிவின்படி, ஓய்வுபெற்ற நீதித்துறை அதிகாரி தலைமை வகிக்கும் குறைதீர்ப்புக் குழுவுக்கு மனு தயாராகிவிட்டது. மொழிச் சிறுபான்மையினருக்கான சிறப்பு அலுவலருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறோம். இரண்டும் தமிழில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்த அம்மா பாத்திரங்களைக் கேட்டு மீண்டும் அலுவலகத்துக்குப் போகிறார். இந்த முறை தனியாகப் போகமாட்டார். சங்க உறுப்பினர்கள் காலைச் சாயா வியாபாரத்தை முடித்துக்கொண்டு ஒன்பதரைக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் வந்து சேர வேண்டும். கொடியோ ஒலிபெருக்கியோ வேண்டாம். அவரவர் விற்பனைச் சான்றிதழையும், இல்லாதவர்கள் நிரப்பிய படிவத்தையும் கையில் கொண்டுவாருங்கள். படிவத்தைக் கிழித்துப் போட்ட மூன்று பேருக்கும் புதுப் படிவம் சங்கத்தில் வாங்கி வைத்திருக்கிறோம்.

சங்கத்தின் செயற்குழுவுக்காக,
பாறசாலை