பொறுமை மட்டும் போதாது

பெண்பிள்ளை ஒருத்தி ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தால், பார்ப்பவர்களின் வாயில் முதலில் வரும் சொல் "என்ன பொறுமை!" என்பதுதான். பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பாராட்டில் எனக்கொரு குறை உண்டு. தையலில் பொறுமைக்கு முன்னதாக இன்னொரு வேலை இருக்கிறது. எந்த முறையில் தைப்பது என்று தீர்மானிக்கும் வேலை அது. அதை யாரும் காண்பதில்லை, அதற்குப் புள்ளியும் கிடைப்பதில்லை.

அப்ளிக் வேலையை எடுத்துக்கொள்வோம். ஒரு துணியை இலையாகவோ மீனாகவோ வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைப்பதே அப்ளிக். அப்படித் தைத்த மேல்துணியையும் நடுவில் பஞ்சுப் படையையும் அடித்துணியையும் சேர்த்துத் தைத்தால் அது குவில்ட். கேட்பதற்கு ஒரே வேலைபோல இருக்கும். ஆனால் அந்த இலையின் ஓரத்தை எப்படி அடக்குவது என்பதற்குப் பல வழிகள் உண்டு. மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, ஊசி முனையால் ஓரத்தை உள்ளே மடக்கி மடக்கிக் கையால் தைப்பது. உருவத்தைச் சுற்றிக் கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் துணி விட்டு வெட்ட வேண்டும். உட்குழிந்த வளைவில் சிறு சிறு வெட்டுக் கொடுத்தால்தான் துணி மடியும். நூலின் நிறம் அடித்துணிக்கல்ல, மேலே வைக்கும் துண்டுக்குப் பொருந்த வேண்டும். அப்போது தையல் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டாவது, இருபக்கமும் ஒட்டும் பசைத்தாளை வைத்து மின்னழுத்தியால் அழுத்தி ஒட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தின் மேலாகத் தைப்பது. விரைவான வழி. கூர்மையான மூலைகளும் நுணுக்கமான உருவங்களும் இதில் பிசகாமல் வரும்.

மூன்றாவது, தடித்த காகிதத்தில் உருவத்தை வெட்டி, அதன்மேல் துணியின் ஓரத்தை மடித்து அழுத்தி, காகிதத்தை எடுத்துவிட்டு மெஷினில் மிகக் குறுகிய சிக்-சாக் தையல் போடுவது. ஓரம் மடிந்திருப்பதால் இழை பிரியாது. மெஷினில் தைப்பதால் நேரமும் மிஞ்சும்.

இவற்றுள் எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதற்காக என்று கேட்டால் பதில் இருக்கிறது.

ராத்தாவின் மகனுக்காக நான் ஒரு தொட்டில் குவில்ட் தைத்தேன். பிள்ளையின் விரிப்பு வாரத்துக்கு இரண்டு தடவையாவது தண்ணீரைக் காணும். பசைத்தாள் துணியை விறைப்பாக்கும். பிள்ளையின் உடம்புக்கு அது மென்மையாக இராது. மடிக்காத ஓரம் கழுவக் கழுவ நூல் பிரியும். கையால் தைத்தால் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகுதான் விரிப்பு முடியும். ஆகவே மூன்றாம் முறையைத் தெரிந்தெடுத்தேன். வெட்டுவதற்கு முன்பே துணிகளைக் கழுவி, சிவப்புத் துணி சாயம் விடுகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அதே மாதம் மூத்தம்மாவின் பழைய வொயில் சாரியிலிருந்து பூக்கள் வெட்டி உம்மாவுக்கு ஒரு சிறு விரிப்புத் தைத்தேன். பல வருடங்கள் உடுத்து மெலிந்த துணி அது. மெஷினில் வைத்தால் சுருங்கும், ஊசித் துளைக்குள் இழுபடும். ஆகவே அதை முழுவதும் கையாலேயே தைத்தேன். வகுப்பறைச் சுவரில் தொங்கவிடும் பதாகை என்றால் பசைத்தாளையே எடுத்திருப்பேன். கழுவாத துணிக்கு அது போதும்.

இரண்டையும் பார்த்தவர்கள் கையால் தைத்ததைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். மற்றதைப் பார்த்து, "மெஷின்ல தைச்சதா? அப்ப லேசான வேலைதான்" என்றார்கள். எனக்கோ இரண்டிலும் ஒரே அளவு யோசனைதான் செலவானது.

பொறுமை பெண்ணின் குணம், தையல் அதன் சாட்சி என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. கெய்ரோ நகரில் பாப் ஸுவைலா வாசலுக்கு அருகே கூடாரம் தைப்போர் தெரு ஒன்று உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக அப்ளிக் தைத்து வருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கனத்த துணியின் மேல் வண்ணத் துண்டுகளின் ஓரத்தை ஊசியால் மடக்கிக் கையாலேயே தைக்கிறார்கள். அவர்களை நாம் பொறுமைசாலிகள் என்பதில்லை, கைவினைஞர்கள் என்கிறோம். நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர் கிடைப்பதில்லை?

மெஷினைத் தாழ்வாக நினைப்பவர்களுக்கும் ஓர் உதாரணம். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற ஹெரியட் பவர்ஸ் என்ற பெண் 1886இல் ஒரு கண்காட்சியில் வைத்த அப்ளிக் குவில்ட் இன்று ஸ்மித்சோனியன் நூதனசாலையில் இருக்கிறது. அதிலுள்ள உருவங்கள் கையாலும் தைக்கப்பட்டவை, மெஷினாலும் தைக்கப்பட்டவை. அதனால் அதன் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

"இப்படிச் சொன்னால் பிள்ளைகள் எல்லோரும் மெஷினுக்குப் போய்விடுவார்கள், கைத்தையல் அழிந்துவிடும்" என்று சிலர் கவலைப்படலாம். நியாயமான கவலைதான். ஆனால் காரணம் தெரியாமல் கைத்தையல் பழகியவள் பரீட்சை முடிந்ததும் ஊசியை வைத்துவிடுவாள். மெலிந்த துணிக்குக் கைத்தையலே பொருந்தும் என்று விளங்கியவள் அப்படியொரு துணி கையில் கிடைக்கும்போதெல்லாம் ஊசியை எடுப்பாள். கைத்தையலைக் காப்பாற்றப் போவது இந்த விளக்கம்தான்.

ஆகவே ஆசிரியைகளிடமும் சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த கைப்பணிக் கண்காட்சியில் ஒவ்வொரு வேலைப்பாட்டின் பக்கத்திலும் ஒரு சிறு அட்டை வைப்போம். தைத்தவளின் பெயருக்குக் கீழே மூன்று வரிகள் போதும்: இது யாருக்காக, எப்படிக் கழுவப்படும், இந்த முறையை ஏன் எடுத்தேன். பார்க்க வருபவர்கள் அதை வாசித்துவிட்டுத் தையலைப் பார்க்கட்டும். நடுவர்கள் அந்த மூன்று வரிகளுக்கும் புள்ளி போடட்டும்.